ஊர் வரை வரும் கேபிள் சேரிக்கு ஏன் வருவதில்லை?

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அடுத்த ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் சூட்டப்பட்டது. இதைச் சின்ன வேலை என்று ஒதுக்கமாட்டேன். ஒரு குழந்தை தன் முகவரியைக் கூச்சமில்லாமல் எழுத முடிவது பெரிய விஷயம்தான். ஆனால் அரசு ஆவணத்திலிருந்து காலனி நீங்குவதற்கு முன்பே இன்னொரு தாளிலிருந்து அது நீங்கிவிட்டது. இணையக் கேபிள் எந்த வழியாகப் போகும், எந்தக் கட்டடத்தில் நிற்கும் என்று குறிக்கும் வரைபடம்தான் அந்தத் தாள். அதில் ஊர் இருக்கிறது, ஊராட்சி அலுவலகம் இருக்கிறது, மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. சேரிப் பள்ளி மட்டும் இல்லை.

பழனி மலைக் கிராமங்களின் பள்ளிகளைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. கொடைக்கானலுக்கு மேலேயும் கீழேயும் உள்ள ஊர்களில் பள்ளிகளுக்குக் கேபிள் இழுப்பது, கருவிகளைப் புதுப்பிப்பது பற்றிய திட்டங்களைப் பார்த்துவருகிறேன். 'இதில் என்ன சாதி? இது டெக்னிக்கல் மேட்டர்' என்று நண்பர்கள் சிரிப்பார்கள். டெக்னிக்கல் மேட்டர் என்று நாம் விலகி நிற்கும் இடத்தில்தான் சாதி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.

முதலில் கேபிள் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டில் நடத்துவது தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம். 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் கண்ணாடி இழைக் கேபிள் கொடுப்பது அதன் இலக்கு. எண்ணைக் கேட்டால் மனம் குளிர்கிறது. ஆனால் 'ஊராட்சிக்கு' என்றால் ஊராட்சியில் எங்கே? ஊராட்சி அலுவலகம் அல்லது சேவை மையம் என்று ஏதாவது ஒரு கட்டடத்தில் பெட்டி பொருத்தப்படுகிறது. அந்தக் கட்டடம் எங்கே இருக்கும் என்று தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஒரு தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினார்களே, அது நடந்ததும் ஓர் ஊராட்சி அலுவலகத்தில்தான். தலைவருக்கே நாற்காலி கொடுக்காத இடத்திலிருந்து சேரிப் பள்ளிக்குக் கேபிள் தானாக நடந்து வந்துவிடுமா?

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் வரைவை முன்வைத்துப் பேசியபோது, கிராமத்தை ஒதுக்கிவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டது குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமத்தைச் சொர்க்கமாகப் பாடியவர்களுக்கு அது எரிச்சலூட்டியது. முக்கால் நூற்றாண்டு கடந்தும் நம்முடைய இணையத் திட்டத்தின் அலகு கிராமமாகவே இருக்கிறது. கிராமத்துக்குக் கேபிள் வந்துவிட்டால் கிராமத்தில் உள்ள எல்லாருக்கும் வந்ததாகக் கணக்கு முடிந்துவிடுகிறது. கிராமம் என்பது ஒன்று அல்ல, ஊரும் சேரியும் என்று இரண்டு என்பதைக் கணக்கு எழுதுபவர் மறக்கவில்லை. அவருக்கு அதை நினைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

பழனி மலையில் இந்தப் பிரிவினைக்கு எழுதப்பட்ட வரலாறே உண்டு. சமவெளியிலிருந்து மேலேறி வந்த குன்னுவர்கள் நிலத்தைக் கைப்பற்றியதையும், மலையின் ஆதிக்குடிகளான புலையர்கள் அவர்களுக்குப் பண்ணையடிமைகளாக இருந்ததையும் ஆங்கிலேயர் எழுதிய மதுரை மாவட்ட நூல்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவு செய்திருக்கின்றன. பிறகு காபித் தோட்டம் வந்தது. நிலத்தின் முதலாளி மாறினார். கூலிக்குக் குனிந்த முதுகு மாறவில்லை. இன்றைக்கும் தாண்டிக்குடி, பாச்சலூர், பெரியூர் வட்டாரங்களில் நடந்து பார்த்தால், சரிவின் எந்தப் படியில் யார் வீடு, பேருந்து நிற்கும் இடத்துக்கு யார் அருகில், ஓடை அரிக்கும் பள்ளத்துக்கு யார் அருகில் என்று கேட்டுப் பாருங்கள். பளியர் குடியிருப்புகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளையும் நடந்து பாருங்கள். கேபிள் சாலையோரம்தான் வரும். சாலை யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களுக்குத்தான் கேபிளும் முதலில் கிடைக்கும்.

இப்போது ஒரு பள்ளி வளாகத்துக்குள் வருவோம். பெயர் வேண்டாம்; சொன்னால் அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் தொல்லை. கேபிளும் கருவிகளும் மேம்படுத்த ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியர் அறையில் கருவிப்பெட்டி, அங்கிருந்து மேல் மாடிக் கணினி ஆய்வகத்துக்கு ஒயர், இரண்டு வகுப்புகளில் திறன்பலகை, வராந்தாவில் வைஃபை. வளாகத்தின் கீழ் எல்லையில் ஒரு கம்பி வேலி. வேலிக்கு அப்பால் இரண்டு படி இறங்கினால் ஆதிதிராவிடர் நலத் தொடக்கப்பள்ளி. வரைபடம் வேலியோடு முடிந்துவிட்டது. ஏன் என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். 'அது வேற டிபார்ட்மெண்ட்டுங்க' என்றார். ஓர் ஆசிரியரும் நானும் அளவு நாடா பிடித்தோம். கருவிப்பெட்டியிலிருந்து கீழ்ப்பள்ளியின் வாசல் வரை 140 மீட்டர்.

இந்த 140 மீட்டரில் தொழில்நுட்பம் என்ன, சாதி என்ன என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். வகுப்பறைகளில் இழுக்கும் செம்புக் கேபிள் 100 மீட்டர் வரைதான் நம்பிக்கையாக வேலை செய்யும். அது இயற்பியல், யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் 100 மீட்டரைத் தாண்டினால் கண்ணாடி இழைக் கேபிள் போட வேண்டும் என்பதும் அதே பாடப்புத்தகத்தில் அடுத்த வரி. மலையில் அதுதான் நல்லதும்கூட. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு ஓடினால், வடகிழக்குப் பருவமழையில் விழும் இடி அந்த வழியாகவே உள்ளே வந்து கருவிகளைச் சுட்டுவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. 150 மீட்டர் கவசமிட்ட இழை, குழாய், இரண்டு முனைகளிலும் மாற்றிக் கருவி, ஒருநாள் வேலை. எல்லாம் சேர்ந்தாலும் மேலே மாட்டிய ஒரு திறன்பலகையின் விலையைத் தாண்டாது. ஆக, தடுத்தது தூரமும் இல்லை, பணமும் இல்லை. இரண்டு துறை, இரண்டு கோப்பு, நடுவில் ஒரு வேலி. சேரிக்குத் தனிக் கிணறு, தனிச் சுடுகாடு என்று பழகிய அதே நிர்வாக மூளைதான் இங்கே தனிக் கோப்பு என்கிறது.

2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், கள்ளர் சீரமைப்பு உள்ளிட்ட துறைகளின் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதை நம் இயக்கத்திலேயே எதிர்த்தவர்கள் உண்டு, ஆதரித்தவர்களும் உண்டு. போராடி வாங்கிய பள்ளியின் நிலமும் நிதியும் பொதுத் தொட்டியில் கரைந்துபோகும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் அது முடியும் வரை ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஏன் காத்திருக்க வேண்டும்? துறைகள் இணைய ஆண்டுகள் ஆகலாம். 140 மீட்டர் கேபிள் இணைய ஒருநாள் போதும்.

ஒரு பள்ளியை வைத்துக்கொண்டு பொதுவாகப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லலாம். சரி, கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத் துறையின் பள்ளிகள் 1,138. அவற்றில் தொடக்கப்பள்ளிகள் மட்டும் 833. நூற்றுக்கு 73. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒன்றிய அரசின் 2025 நிதிநிலை அறிக்கையைப் படியுங்கள். கிராமப்புறங்களில் உள்ள அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பாரத்நெட் வழியாக அகன்ற அலைவரிசை இணைப்பு என்று அதில் அறிவித்தார்கள். தொடக்கப்பள்ளி என்ற சொல்லே இல்லை. சாதியின் பெயரைச் சொல்லாமல் ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே விழுபவர்கள் யார் என்று 833 என்ற எண் சொல்கிறது.

தமிழ்நாட்டு அரசு தொடக்கப்பள்ளிகளையும் சேர்த்துத்தான் யோசித்தது. அதை மறைக்கக் கூடாது. 2019இல் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. பிறகு அரசுப் பள்ளிகளில் 8,209 ஆய்வகங்களும், தொடக்கப்பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் அறிவிக்கப்பட்டன. ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா நிதி ரூ.2,152 கோடியை, பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்று நிறுத்திவைத்த காலத்திலும் இந்த வேலைகள் நடந்தன. அந்த மிரட்டலுக்குப் பணியாததற்குப் பாராட்டு. ஆனால் பாராட்டிவிட்டுக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வரிசையில் யார் முதலில், யார் கடைசி? எந்தத் திட்டமும் ஊர்ப் பள்ளியில் தொடங்கி, நிதி மிச்சமிருந்தால் சேரிப் பள்ளிக்குப் போகிறது. மிச்சம் எப்போது இருந்திருக்கிறது?

இன்னொரு பக்கம் புள்ளிவிவரம். 2023-24 யுடைஸ் கணக்கின்படி இந்தியப் பள்ளிகளில் இணைய வசதி உள்ளவை 53.9 விழுக்காடு. தலைமை ஆசிரியர் மேசையில் ஓர் இணைப்பு இருந்தால் அந்தக் கட்டத்தில் 'ஆம்'. அந்த 'ஆம்' எனக்கு மகாட் நகராட்சியை நினைவூட்டுகிறது. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் போலே தீர்மானத்தை நிறைவேற்றியது. 1924இல் மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. கோப்பில் குளம் திறந்துவிட்டது. தாகத்தோடு போனவர் தண்ணீர் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய் அள்ளிக் குடித்தபோதுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. நம் பள்ளிகளின் இணையமும் இன்று கோப்பில் திறந்த குளம்தான்.

மலை என்பதால் கஷ்டம் என்ற சாக்கு அடுத்து வரும். எந்த மலை? இதே கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் தொடங்கினார்கள். 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதை எவர்ஷெட் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலக இயற்பியலில் அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1901இல் மிஷனரிக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, 1976இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சர்வதேச பட்டயப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. மோட்டார் சாலை வரும் முன்பே ஆய்வகத்துக் கருவிகள் மலையேறிவிட்டன. பெரியகுளம் பக்கமிருந்து மேலேறும் அந்தப் பழைய பாதைக்குப் பெயரே 'கூலி காட்'. துரைமார்களையும் அவர்கள் மூட்டைகளையும் சுமந்து ஏறியவர்களின் கூலிதான் அந்தப் பாதையின் பெயர். சூரியனைப் பார்க்கும் கருவி இந்த மலையில் ஏறியது என்றால், சுமந்தவரின் கொள்ளுப்பேரன் படிக்கும் பள்ளிக்கு ஒரு கேபிள் ஏறாதா? மலை இந்த ஊரில் வசதியுள்ளவருக்கு எப்போதும் குளிர்ச்சியாகவும் மற்றவர்களுக்கு எப்போதும் இடைஞ்சலாகவும் இருப்பது புவியியலால் நடக்கும் காரியம் இல்லை.

கேபிள் வராத இடத்துக்கு வேறொன்று வரும்: தானம். நகரத்து அலுவலகங்களில் கழித்துப்போட்ட கணினிகள் ஒரு வேனில் வந்து இறங்கும். பேனர், புகைப்படம், பிஸ்கட். ஆறு மாதத்தில் பாதி எரியாது. ஓராண்டில் அவை ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். சூத்திரருக்கு மிச்சச் சோறும் கழித்த துணியும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களும் கொடுக்கச் சொன்னது மனு. தர்மம் என்ற பேரில் அதே பட்டியலைத்தான் இன்றும் நிரப்புகிறார்கள். சாமான்கள் இருந்த இடத்தில் மானிட்டர். கொடைக்கானலுக்குக் கழிவின் கதை புதிதல்ல. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடிய பாதரச வெப்பமானி ஆலை 1980களில் இங்கே கொண்டுவரப்பட்டது. 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பிடிபட்ட பிறகுதான் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் இழப்பீட்டுக்காக 2016 வரை போராட வேண்டியிருந்தது. பழைய மானிட்டரிலும் யுபிஎஸ் பேட்டரியிலும் ஈயம் இருக்கிறது. செத்த கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும் பொறுப்பை எழுதித் தராத எந்த நன்கொடையும் நன்கொடை இல்லை. குப்பையை இடம் மாற்றுவது.

இணைப்பு வந்த பள்ளிகளிலும் அது முதலில் எதற்குப் பயன்படுகிறது? எமிஸ் பதிவுக்கு. வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள் பதிவு, அந்தப் படிவம், இந்தப் படிவம். ஆசிரியர்கள் அலுத்துச் சலித்துச் சொல்வதை எல்லாரும் கேட்டிருப்போம். குழந்தையைப் பற்றிய தகவல் நாள்தோறும் மேலே போகிறது. குழந்தைக்கு மேலிருந்து என்ன வருகிறது? அவள் தானே ஒரு கேள்வியைத் தட்டித் தேடிப் பார்க்கும் அரைமணி நேரம் எந்தக் கால அட்டவணையிலாவது இருக்கிறதா?

'எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே' என்பார்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்தப் பத்தொன்பது மாதங்களில் போன் யார் கையில் இருந்தது? தோட்ட வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப்பையில். ரீசார்ஜ் முடிந்த பிறகு அதுவும் வெறும் டப்பா. 'முதலில் கழிப்பறை, பிறகு கேபிள்' என்பார்கள். ஊர்ப் பள்ளிக்கு இரண்டும் கேட்கலாம், சேரிப் பள்ளி மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? 'இன்டர்நெட் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்' என்பவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த வேகத்தில் கெட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அன்றைக்குப் படித்தால் கெட்டுப்போவான் என்றவர்களின் பேரன்கள்தான் இவர்கள்.

2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. விடுதியில் செல்போனுக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கு அது. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையில் கழிப்பறை, குடிநீர், நூலகம், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கின்றன; இணையம் இல்லை. அட்டவணையில் இல்லாதது சலுகையாகத்தான் வரும், கடைசியாகத்தான் வரும்.

அப்படியானால் ஒரு பள்ளிக்குக் கேபிள் திட்டம் எப்படிப் போட வேண்டும்? என் பதில் எளிது: கடைசி வகுப்பறையிலிருந்து தொடங்குங்கள். வரைபடத்தில் முதல் புள்ளி தலைமை ஆசிரியர் அறையில் விழக் கூடாது. பஞ்சாயத்தின் எல்லைக்குள் மிகத் தொலைவில் உள்ள தொடக்கப்பள்ளியில், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில், விடுதியில் விழ வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கோடு போட்டு ஊராட்சிப் பெட்டிக்கு வாருங்கள். எந்தத் துறையின் கட்டடம் என்று பார்க்காதீர்கள். கட்டடங்களுக்கு நடுவே கண்ணாடி இழை, குரங்கு இழுக்காதபடி குழாய்க்குள். வகுப்புக்குள் செம்பு. இடி தாங்கும் நில இணைப்பு. மின்சாரம் போனாலும் சில மணி நேரம் தாங்கும் பேட்டரி. மழைக்காலத்தில் இணைப்பே அறுந்தாலும் பாடங்களும் கலைக்களஞ்சியமும் கிடைக்கும்படி பள்ளிக்குள்ளேயே ஒரு சிறிய சர்வர். கிவிக்ஸ், கொலிப்ரி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. கருவி வாங்கும் நாளிலேயே ஐந்தாண்டுப் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டும். இது கனவு இல்லை. கேரளத்தில் 'கைட்' என்ற அரசு நிறுவனமே கட்டற்ற மென்பொருளை வைத்து 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக மாற்றிக் காட்டியது. 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் குழுக்களை அமைத்துப் பிள்ளைகளின் கையிலேயே தொழில்நுட்பத்தைக் கொடுத்தது.

கடைசியாக, யார் கை. பள்ளிக்குக் கேபிள் புதைக்கக் குழி தோண்டுபவர் சேரியிலிருந்து வருகிறார். மாலையில் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கருவிப்பெட்டியின் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது. தோண்டும் கைக்கும் கடவுச்சொல் தெரிந்த கைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இந்தத் துறையின் வருணாசிரமம். இழை ஒட்டுவது, முனை கட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் சில மாதப் பயிற்சியில் கற்கும் வேலை. மலைக் கிராமத்தின் தலித், பழங்குடி இளைஞர்களை, பெண்களையும் சேர்த்து, முறையான சம்பளத்தில் இந்த வேலையில் அமர்த்த வேண்டும். பெங்களூரின் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத் தோழர்கள் அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் தொடங்கியபோது, கற்றுக்கொண்ட பிள்ளைகளே அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நமக்குத் தேவை தானம் கொடுப்பவர்கள் அல்ல, இப்படிக் கற்றுக்கொடுப்பவர்கள்.

இதைப் படிக்கும் தோழர்களில் பலர் கணினித் துறையில் இருப்பீர்கள். உங்களிடம் பழைய லேப்டாப் கேட்கவில்லை. ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்குப் போங்கள். இணையப் பெட்டி இருக்கும் இடத்திலிருந்து சேரிப் பள்ளியின் கடைசி வகுப்பறை வரை அளந்து எழுதுங்கள். அந்தப் பள்ளிக்கு எந்தத் தேதியில் எந்தத் திட்டத்தில் இணைப்பு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. அடுத்த கிராமசபையில் அந்த அளவை வாசித்து, 'இத்தனை மீட்டர் கேபிள் சேரிப் பள்ளிக்கு' என்று தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், ஏன் மறுத்தார்கள் என்பதையும் அந்தப் பதிவேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.